ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் கிடையாதா?

"ஏணியில் இருந்து தவறி விழுந்து தொழிலாளி சாவு."

மாலைப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு இந்தத் தலைப்பு புதிது அல்ல. நாலு வரி செய்தி. ஊர் பெயர், வயது, "பெயின்ட் அடித்துக் கொண்டிருந்தபோது எதிர்பாராதவிதமாகக் கால் தவறி", "போலீசார் விசாரணை நடத்தி வருகிறார்கள்". அத்தோடு சரி. பஸ்சில் உட்கார்ந்து படிக்கிறவர் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு சினிமா பக்கத்துக்குப் போய்விடுவார்.

அந்த நாலு வரியில் ஒரு சொல் இருக்கிறது. "தவறி."

யார் தவறினார்? செத்தவரா? அப்படித்தான் எழுதுகிறார்கள். பத்திரிகைக்காரன் எழுதுகிறான், போலீஸ்காரர் எழுதுகிறார், மேஸ்திரியும் அதையே சொல்கிறார். ஏணியின் அடிக்கால் வழுக்கியதா, படி முறிந்ததா, பிடிக்க ஆள் இருந்ததா, கட்டிவைக்கக் கயிறு இருந்ததா என்று எவரும் எழுதுவதில்லை. செத்தவர் எழுந்து வந்து "நான் தவறலை சாமி, ஏணிதான் தவறிச்சு" என்று சொல்லப் போகிறாரா என்ன?

ஏழை சொல் அம்பலம் ஏறாது. ஏழை மட்டும் ஏணி ஏறணும்!

அமிர்தி பஸ்

அமிர்தி என்றால் வேலூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும். 1967-ல் தொடங்கிய உயிரியல் பூங்கா. மான், மயில், குரங்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு போய், ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பக்கத்தில் இருந்து வேலூருக்கு வருகிற பஸ்சைப் பார்க்க வேண்டும். தூக்குச் சட்டி, கொலுறு, மட்டப் பலகை, பெயின்ட் கறை படிந்த சட்டை. கொத்தனார், பெரியாள், சித்தாள், பெயின்டர். கணியம்பாடி வழியாக வருகிற பஸ் அடுக்கம்பாறையைத் தாண்டும். அங்கே இருப்பது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. காலையில் பஸ்சில் உட்கார்ந்து இந்த ஆஸ்பத்திரியைக் கடந்து போகிறவன், சாயங்காலம் ஆம்புலன்சில் படுத்து அங்கேயே வருகிற கதையும் உண்டு.

மலையில் மூங்கிலுக்குப் பஞ்சம் இல்லை. ஏணியும் அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிது இல்லை. ஒற்றை மூங்கிலின் கணுக்களையே படியாக வைத்து ஏறுகிற ஏணிக்குக் கண்ணேணி என்று பெயர். தேன் எடுக்கிறவர்கள் அப்படி ஏறுவார்கள். இந்த மலைக்குப் பக்கத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாத்திலேயே தேன் எடுக்க மலையில் சாத்திய ஏணி வருகிறது என்பார்கள் தமிழாசிரியர்கள். அதற்கு அன்றைய பெயர் மால்பு.

தேன் எடுக்கிறவனுக்கும் கட்டடத்தில் ஏறுகிறவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தேன் எடுக்கிறவன் தன் ஏணியைத் தானே பார்த்துக் கட்டுகிறான். கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பான். கட்டடத்தில் ஏறுகிறவனுக்கு ஏணி எவனோ கொண்டுவந்து போட்டது. எத்தனை வருஷத்து ஏணி, எத்தனை மழையில் நனைந்தது, எந்தப் படியில் ஆணி கழன்றது, ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

"அண்ணே, ஏணி ஆடுதுண்ணே."

"இன்னாபா, ஏணி ஆடினா ஆடட்டும். நீ ஆடாம ஏறு."

இதுதான் நம் ஊரில் கொடுக்கப்படுகிற பாதுகாப்புப் பயிற்சி.

நாலுக்கு ஒன்று

ஏணி வைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. உலகம் முழுக்க ஒரே கணக்குத்தான். நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி வைக்க வேண்டும். பன்னிரண்டு அடி உயரத்தில் ஏணி சாய்கிறது என்றால், அடிக்கால் சுவரில் இருந்து மூன்று அடி தள்ளி. பதினாறு அடி என்றால் நாலு அடி. ரொம்ப ஒட்டி நிறுத்தினால் ஆள் மல்லாக்கச் சாய்வான். ரொம்பத் தள்ளி வைத்தால் அடிக்கால் வழுக்கிக்கொண்டு ஓடும், நடுவில் ஏணியும் வளையும்.

அளவு நாடா தேடி அலைய வேண்டாம். ஏணியின் அடிக்காலில் பாதவிரல் படுகிற மாதிரி நேராக நின்று, இரண்டு கையையும் தோள் மட்டத்துக்கு முன்னால் நீட்டினால், உள்ளங்கை படிக்கட்டையைத் தொட வேண்டும். தொட்டால் சாய்வு சரி. இதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் சித்தாளுக்குக்கூட ஆயுசுக்கும் மறக்காது. சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மொட்டை மாடிக்கு ஏறுகிற ஏணி, மாடிச் சுவருக்கு மேலே மூன்று அடியாவது நீட்டிக்கொண்டு இருக்கணும். ஏன்? ஏறுவதில் விழுகிறவனைவிட, ஏணியில் இருந்து மாடிக்குக் காலை மாற்றுகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஆபத்து. பிடிக்க ஒன்றும் இல்லாமல், சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்னால் காலால் ஏணியைத் துழாவுகிறவனை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! மேலே மூன்று அடி நீட்டிக்கொண்டு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கலாம். நம் ஊர் வழக்கப்படி ஏணி சுவர் விளிம்புக்கு ஒரு சாண் குறைச்சலாகத்தான் இருக்கும். "எட்டலையே" என்றால் அடியில் நாலு செங்கல்லை அடுக்குவார்கள். அதற்கும் எட்டாவிட்டால் இரண்டு ஏணியைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். செங்கல் அடுக்கின ஏணியும் ஒட்டுப்போட்ட ஏணியும் ஏணியே இல்லை.

மேல் நுனியைக் கயிற்றால் கட்ட வேண்டும். கட்டுகிற வரைக்கும் கீழே ஒருவன் காலை ஊன்றிப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவன் பீடி பற்ற வைக்கவோ, டீ வாங்கவோ போகக் கூடாது. இதற்காக ஒரு ஆளுக்குத் தனியாகக் கூலி கொடுப்பதா என்பதுதான் கான்டிராக்டரின் கேள்வி. எல்லா விபத்தும் அந்தக் கேள்வியில் இருந்துதான் ஆரம்பிக்கிறது.

மர ஏணிக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கேட்டால் சிரிப்பார்கள். ஏணியில் பெயின்ட் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? காரணம் சாதாரணம். பெயின்ட் அடித்தால் விரிசல் தெரியாது, கரையான் அரித்தது தெரியாது. மேலே பளபளப்பு, உள்ளே பொக்கை. அமெரிக்காவில் கட்டட வேலைக்கான சட்ட விதியிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாட்டில் ஏணி தயாரிப்பாளர் சங்கம் மார்ச் மாதத்தை ஏணிப் பாதுகாப்பு மாதம் என்றே நடத்துகிறது. நம் நாட்டிலும் மார்ச் 4-ந் தேதி தேசியப் பாதுகாப்பு தினம். பெரிய தொழிற்சாலைகளில் கொடி குத்துவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், பேச்சுப் போட்டி நடத்துவார்கள். பேனர் கட்டுவதற்கு ஒருத்தன் ஏணியில் ஏறுவான். அவன் ஏணியைப் பிடிக்க ஆள் இருந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை.

தலையில் சட்டி

ஏறும்போது இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும், எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். இது பாடம்.

சித்தாள் பெண்ணைப் பாருங்கள். தலையில் கலவைச் சட்டி. ஒரு கை சட்டியைப் பிடித்திருக்கிறது. மறு கை ஏணியைப் பிடிக்கிறது. அந்தக் கையை மேல் படிக்கு மாற்றுகிற நேரத்தில் அவள் இரண்டு காலில் மட்டும் நிற்கிறாள். அதிலும் ஒரு காலில் புடவை சிக்குகிறது. கால் மாறுகிற நேரத்தில் கையும் மாறிவிட்டால் ஒற்றைக் காலில் அந்தரத்தில்! மூன்று பிடி என்கிற பாடம் அவளுக்கு எப்படிப் பொருந்தும்?

பாடத்தில் தப்பு இல்லை. சட்டியோடு ஏணி ஏறவிட்டதில்தான் தப்பு. சுமை மேலே போக வேண்டும் என்றால் கயிறும் கப்பியும் போதும். ஒருவன் கீழே இருந்து இழுத்தால் சட்டி தானாக மேலே போகும், ஆள் வெறுங்கையோடு ஏறலாம். கிணற்றில் தண்ணி இறைக்கத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கணுமா? ஆனாலும் ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறுகிற ஆளை "பலசாலி" என்று பாராட்டுகிறோம். ஏணியோ ஒரு ஆள் எடைக்குக் கட்டினது.

பத்து அடி உயரம் என்ன பெரிய உயரம் என்பார்கள். பத்து அடியில் இருந்து விழ ஒரு விநாடிகூட ஆகாது. தரையில் மோதுகிறபோது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ் போகிற வேகத்தில் தரையில் மோதுகிற மாதிரி. தலை முதலில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

தோல் ஷெட்டில் வேறு கதை

வேலூரில் இருந்து ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் மேல்விஷாரம், ராணிப்பேட்டை. 2019-ல் மூன்று மாவட்டமாகப் பிரித்தாலும் தோல் வாசனை பிரியவில்லை. இந்த ஊர்களில் ஏணி வைப்பது மற்ற ஊர்களைவிட இரண்டு மடங்கு ஆபத்து. ஏன் என்று தோல் ஷெட்டுக்குள் போய் நின்றவர்களுக்குத் தெரியும்.

தரை காய்வதே இல்லை. சுண்ணாம்புத் தண்ணீர், தோலில் இருந்து சுரண்டிய கொழுப்பு, டிரம்மில் இருந்து வழிகிற சாயத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து தரை வழவழ என்று இருக்கும். நடக்கிறவனே பிடித்துப் பிடித்து நடக்கிற இடம். அங்கே போய் ஒரு இரும்பு ஏணியைச் சாய்த்தால் அது எத்தனை நேரம் நிற்கும்? அடியில் ரப்பர் காலணி இருந்தாலும் அதன்மேல் கொழுப்பு ஏறிவிட்டால் சோப்புக் கட்டிதான். ஏறுகிறவன் பூட்சிலும் அதே கொழுப்பு. படியிலும் அதே.

அது மட்டுமா? தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். உப்பு இருக்கிற இடத்தில் இரும்பு இருக்குமா? ஆணி துருப்பிடிக்கும், நட்டு போல்ட் துருப்பிடிக்கும், வெல்டிங் வைத்த படியும் அடியில் இருந்து அரித்துக்கொண்டே வரும். மேலே பார்த்தால் முழுசாக இருக்கும். காலை வைத்தால் பொக்கென்று போகும். மற்ற தொழிற்சாலையில் மாதத்துக்கு ஒரு தடவை ஏணியைப் பார்த்தால் போதும் என்றால், தோல் ஷெட்டில் வாரத்துக்கு ஒரு தடவை சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தத்திலேயே தெரிந்துவிடும், எது இரும்பு, எது துரு என்று.

கூரை ஓட்டை அடைக்க ஏறுகிறவன் நிலைமை அதைவிட மோசம். ஏணியில் பத்திரமாக ஏறிவிடுவான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வெயிலிலும் மழையிலும் கிடந்து முறுகிப்போன பழைய ஷீட் அப்பளம் மாதிரி. பாசி படிந்து கறுத்துப் போயிருக்கும், கீழே சட்டம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. நடுவில் காலை வைத்தால் ஷீட்டோடு ஆளும் கீழே, டிரம்முக்கும் மெஷினுக்கும் நடுவில். ஷீட்டின் மேல் நீளப் பலகை போட்டு, அந்தப் பலகை இரண்டு சட்டத்தின் மேலாவது உட்காருகிற மாதிரி வைத்து, அதன்மேல்தான் நகர வேண்டும். இடுப்பில் பெல்ட் போட்டு ஒரு கெட்டியான இடத்தில் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். "அரை மணி நேர வேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்பார்கள். அரை மணி நேர வேலையில்தான் எல்லாரும் விழுகிறார்கள். முழுநாள் வேலை என்றால் சாரம் கட்டிவிடுவார்களே!

சந்துக்குள் கம்பி

ஆம்பூர், வாணியம்பாடி சந்துகளில் அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது, கம்பிதான் தெரியும். மாடி நீட்டிக்கொண்டு இருக்கும், கரண்டு கம்பி கைக்கு எட்டும். அங்கே அலுமினிய ஏணியை நிமிர்த்துகிறார்கள். லேசாக இருக்கிறது, ஒற்றை ஆள் தூக்கலாம் என்று எல்லாரும் இப்போது அலுமினியம்தான் வாங்குகிறார்கள். நிமிர்த்துகிறபோது அது ஆடும், நுனி எங்கே போகிறது என்று கீழே பிடித்திருப்பவனுக்குத் தெரியாது. கம்பியில் பட்டால் முடிந்தது. காப்பாற்றப் போய்த் தொட்டவனும் சேர்ந்து போவான். ஈர மூங்கிலிலும் கரண்டு பாயும். கம்பி பக்கத்தில் வேலை என்றால் முதலில் மின்வாரிய ஆபீசுக்குப் போய் லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் ஏணி.

கீழே இறங்குகிற ஏணி

ஏணி மேலே ஏறுவதற்கு மட்டும் அல்ல. தோல் ஊர்களில் கீழே இறங்குவதற்கும் ஏணிதான். கழிவுநீர்த் தொட்டி. அங்கே வழுக்கி விழுவது இரண்டாவது ஆபத்து. முதல் ஆபத்து விஷ வாயு. இரண்டு படி இறங்குகிறபோதே மயக்கம் வந்து கை தளர்ந்து உள்ளே விழுகிறான். "ஐயோ" என்று இன்னொருவன் இறங்குகிறான். அவனும் விழுகிறான். மூன்றாவது ஆளும் இறங்குவான், ஏனென்றால் முதல் ஆள் அவனுக்குத் தம்பி. வாயு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்காமல், காற்று ஊதி வெளியேற்றாமல், உடம்பில் பெல்ட்டும் மேலே இழுக்கக் கயிறும் இல்லாமல் அந்த ஏணியில் ஒருத்தரும் காலை வைக்கக் கூடாது.

2015 ஜனவரி 31-ந் தேதி விடியற்காலை ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் நடந்ததை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க முடியாது. தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, சேறு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களில் 9 பேர் பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்கள். அவர்கள் எந்த ஏணியிலும் ஏறவில்லை, எந்தத் தொட்டியிலும் இறங்கவில்லை. படுத்துத்தான் கிடந்தார்கள். "கால் தவறி" என்று எழுத அங்கே வழி இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் அன்றைக்கு அதிகாரிகளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பத்துப் பேர் ஒரே இடத்தில் செத்தால் கேள்வி வருகிறது. பத்து இடத்தில் ஒவ்வொருவராக ஏணியில் இருந்து விழுந்து செத்தால் வருவதில்லை.

பாலாற்றுத் தண்ணீரைத் தோல் கழிவு கெடுத்ததற்கு வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கியது. நாடு முழுக்க வக்கீல்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். நல்லது. அதே ஷெட்டில் ஏணி ஏறுகிறவனுக்காக எந்த மன்றம் எந்தக் கோர்ட்டுக்குப் போயிற்று?

சாகாமல் விழுந்தவன்

செத்தால் நாலு வரியாவது வரும். சாகாமல் முதுகெலும்பு முறிந்தவனுக்கு அதுவும் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடும். கால் இருக்கும், நடக்காது. மூத்திரம் வருவது தெரியாது. படுத்த இடத்தில் புண் வரும். வயசு இருபத்தைந்து இருக்கும், கல்யாணம் ஆகி ஒரு குழந்தை இருக்கும்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதைக் கட்டியெழுப்பிய டாக்டர் மேரி வர்கீசே 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாமல் போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தவர். வெளிநாடு போய்ப் படித்து வந்து, தன்னை மாதிரி விழுந்தவர்களை நிமிர்த்த அந்த மையத்தை உண்டாக்கினார். 1966-ல் பாகாயத்தில் அது திறக்கப்பட்டது. உயரத்தில் இருந்து விழுந்த எத்தனையோ பேர் அங்கே சக்கர நாற்காலியில் உட்காரப் பழகுகிறார்கள். வெளியே வந்து பார்க்கிறவர்களுக்கு, அவர்கள் தோள் எல்லாம் எப்படிப் பருத்திருக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும். காலின் வேலையையும் கைதானே செய்கிறது.

விழுந்தவனை எப்படித் தூக்குவது என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. நாலு பேர் சேர்ந்து கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் பிடித்து, மூட்டை மாதிரி மடக்கி ஆட்டோவுக்குள் திணிக்கிறார்கள். அரைகுறையாக அடிபட்ட முதுகெலும்பு அந்த ஆட்டோவில்தான் முழுசாக அறுந்து போகிறது. மூச்சு இருக்கிறதா, ரத்தம் போகிறதா என்று பார்த்துவிட்டு, ஆளை அசைக்காமல், தலையைக் கழுத்து திரும்பாதபடி பிடித்துக்கொண்டு, 108-க்குப் போன் போட வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் கதவுப் பலகையில் நீட்டிப் படுக்க வைத்துத் தூக்கணும்.

சட்டம் இல்லையா?

ஏன் இல்லை? கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996-ல் மத்திய சட்டம் வந்தது. 1998-ல் விதிகள் வந்தன. ஏணிக்கு என்றே அதில் விதிகள் எழுதியிருந்தார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991-லேயே ஏணிக்குத் தனியாகப் பாதுகாப்பு நெறி வெளியிட்டது. தொழிற்சாலைகளுக்கு 1948-ம் ஆண்டுச் சட்டம் இருந்தது, ஏறி இறங்குகிற வழி கெட்டியாக இருக்க வேண்டும் என்று அதுவும் சொன்னது. 2020-ல் நாடாளுமன்றம் பழைய சட்டங்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக நிறைவேற்றியது. பெயர் மாறும், நம்பர் மாறும். ஏணி மாறவில்லை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான் கட்டடத் தொழிலாளர் சட்டம் என்று 1996-ல் எழுதினார்கள். புதிய தொகுப்பிலும் அந்தப் பத்து போகவில்லை. வெள்ளை அடிக்க வருகிறவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர், மூன்று பேர். கடைக்கு போர்டு மாட்ட வருகிறவன் ஒருத்தன். பந்தல் போட நாலு பேர். அதிகமாக ஏணி ஏறுகிறவர்கள் இவர்கள்தான். சட்டத்துக்கு இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் இதில் முன்னோடி மாநிலங்களில் நாமும் ஒன்று என்று மேடையில் பேசுவார்கள். உண்மைதான். கட்டடத்துக்குப் பிளான் அனுமதி வாங்குகிறபோது மதிப்பில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நல நிதியாகக் கட்ட வேண்டும். விபத்தில் செத்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். ஆனால் அது விழுந்த பிறகு வருகிற பணம். விழாமல் இருக்க ஒரு கயிறு வாங்குவதற்கு எந்த நிதியில் கேட்பது?

போலீஸ் ஸ்டேஷன் கதையும் இதே மாதிரிதான். ஏணியில் இருந்து விழுந்து செத்தான் என்றால் முன்பு 174-வது பிரிவு என்று எழுதுவார்கள். சந்தேக மரணம். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகு அது 194. நம்பர்தான் வேறு. பிணப் பரிசோதனை முடிந்ததும் கட்டு மூடப்படும். கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினதாக எழுதலாம். அது முன்பு 304-ஏ, இப்போது 106. இரண்டு வருஷமாக இருந்த உச்ச தண்டனை ஐந்து வருஷமாக உயர்ந்திருக்கிறது. அந்த நம்பரை எழுதினால் கான்டிராக்டரைக் கூப்பிட்டு "கயிறு எங்கே, பிடித்த ஆள் எங்கே, ஏணியைக் கொண்டா பார்க்கலாம்" என்று கேட்டாக வேண்டும். ஏணியும் ஒரு சாட்சிதானே! கத்திக்குத்து என்றால் கத்தியைப் பறிமுதல் செய்கிறார்கள். ஏணி விபத்து என்றால் அதே ஏணியில் மறுநாள் காலை இன்னொருத்தன் ஏறிக்கொண்டிருப்பான்.

1923-லேயே வெள்ளைக்காரன் கொண்டுவந்த நஷ்டஈட்டுச் சட்டப்படி, வேலை நேரத்தில் செத்தவன் குடும்பம் முதலாளியிடம் கேட்கலாம் என்று இருந்தது. தப்பு யாருடையது என்று நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை. 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் காரியம் முடிந்த வீட்டில் மேஸ்திரி வந்து, பத்தாயிரமோ இருபதாயிரமோ கையில் வைத்து, வெள்ளைப் பேப்பரில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். தொழிலாளர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அந்த விதவைக்கு யார் சொல்வது?

பொங்கல் வெள்ளை

இதைப் படிக்கிறவர்கள் யார்? கடை வைத்திருக்கிறவர், ஆபீசில் வேலை பார்க்கிறவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். "கான்டிராக்டர் செய்கிற தப்புக்கு நாம் என்ன செய்வது?" என்று தோன்றும்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் கூப்பிடுகிறோமே, அன்றைக்கு முதலாளி யார்? கடை போர்டில் லைட்டு மாட்ட ஆள் கூப்பிடுகிறோமே, அன்றைக்குக் கான்டிராக்டர் யார்? பத்துப் பேர் கணக்கில் சேராத அந்த வேலைக்குச் சட்டமும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. நிற்கிறவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் பேரம் பேசுகிறபோது, "ஒரே ஆள் போதும்பா, எதுக்கு இரண்டு பேரு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

ஏணி கொண்டுவந்ததும் ஒரு தடவை படிகளைப் பார்த்தால் போதும். கட்டு தளர்ந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, பக்கத்தில் கம்பி இருக்கிறதா, தரை சமமா. கதவுக்கு முன்னால் ஏணி வைத்தால் கதவைப் பூட்டிவிடணும், உள்ளே இருந்து பையன் படாரென்று திறந்தால் தீர்ந்தது கதை. ஏறினவன் எட்டாத இடத்துக்கு எக்கக் கூடாது. தொப்புள் ஏணியின் இரண்டு காலுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும், தாண்டினால் இறங்கி ஏணியை நகர்த்தச் சொல்ல வேண்டும்.

பெயின்டர் சொல்வார்: "வேணாம் சார், பிடிக்க ஆளு எதுக்கு? இருபது வருஷமா ஏறுறேன், பழக்கம்தான்." அப்படித்தான் சொல்வார். இன்னொரு ஆளுக்குக் கூலி கேட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமோ என்கிற பயம் அவருக்கு. அந்த இரண்டாவது கூலியை வீட்டுக்காரரே முதலில் வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அவர் வேணாம் என்று சொல்லப் போவதில்லை. மறுநாள் காலை அமிர்தி பஸ்சில் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவார்.